கறி வேண்டாம் என்ற மாப்பிள்ளைக்கு

நீ விட்டுவிட்டுப் போன டெரிகாட்டன் சட்டையை இன்று காலையில் துவைக்க எடுத்தேன். பைக்குள் கையை விட்டால் பிசுபிசுவென்று ஏதோ தட்டுப்பட்டது. பஸ் டிக்கெட்தான் வேர்வையில் ஊறிக் கிடக்கிறது என்று நினைத்து எடுத்தேன். பஞ்சு. கிராம்புத் தைலமும் புகையிலைத் தூளும் உன் எச்சிலும் சேர்ந்து பழுப்பேறிப்போன ஒரு பஞ்சு உருண்டை. குழந்தையில் உன் பீத்துணியை முகம் சுளிக்காமல் கசக்கியவள்தான் நான். ஆனால் இந்தப் பஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சீயக்காய் போட்டுக் கழுவி, அப்புறமும் மத்தியானச் சோற்றைக் கரண்டியால்தான் தின்றேன். அந்த நாற்றம் எனக்குப் புதிதாக இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. உன் அப்பாவின் தலையணை உறையில் வருஷக்கணக்காக நான் முகர்ந்த நாற்றம் அது. அதனால்தான் காலையில் ஊறப்போட்ட சட்டையை அப்படியே விட்டுவிட்டு, இந்த ராத்திரியில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு அம்மா எழுதும் கடிதத்தில் ஆசீர்வாதம் முதலில் வர வேண்டும். வரவில்லை. நீயே காரணம்.

நிச்சயதார்த்தம் முடிந்து நீ திருச்சிக்குத் திரும்பிய அன்று காளவாசல் பஸ் நிறுத்தத்தில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பஸ் வந்து நின்ற பிறகு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோன சாமானைக் கேட்கிற மாதிரி சொன்னாய். "அம்மா, மறுவீட்டு விருந்துக்குக் கறி வேணாம்னு பொண்ணு வீட்ல சொல்லிருங்க. சாம்பாரும் பாயாசமும் போதும்." நான் திகைத்துப்போய், "ஏன்டா, ஏதாச்சும் விரதமா?" என்றேன். "ஆமான்னு வச்சுக்கங்களேன். வாரேன்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். நானும் ஒரு முட்டாள். பிள்ளைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது, மாலை போடப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, வருகிற வழியெல்லாம் பெருமைப்பட்டேன். பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். இப்போது அந்தம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி எந்தச் சாமிக்கு மாலை போடுது?" என்று விசாரிக்கிறாள். சொத்தைப்பல் சாமிக்கு என்று நான் எப்படிச் சொல்வேன்?

மறுவீட்டு விருந்து என்றால் என்ன என்று தெரியாத ஊரிலா நீ பிறந்தாய்? தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை பெண்ணோடு மாமியார் வீட்டுக்குப் போய் முதல் முதலாக இலையில் உட்காருகிறான். கூட நாங்கள் நாலு பேர் போவோம். அந்த வீட்டு ஆண்கள் விடிவதற்கு முன்பே கறி எடுக்கப் போயிருப்பார்கள். மாமியார்க்காரி நல்லி எலும்பாகப் பார்த்து எடுத்து மருமகன் இலையில் தன் கையால் வைப்பாள். அவன் அதைக் கடித்து, தட்டி, உறிஞ்சுவதை அடுப்படியில் இருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம். உன் வருங்கால மாமனார் சோழவந்தான் பக்கத்தில் வயல் வைத்திருக்கிற சம்சாரி. நிச்சயம் முடிந்த மறுநாளே உனக்கென்று ஒரு கிடாயைத் தனியாகக் கட்டி, தீவனம் போட ஆரம்பித்துவிட்டாராம். அந்த மனிதரிடம் போய், சாம்பார் வைத்தால் போதும், என் பிள்ளைக்குக் கடிக்க வராது என்று நான் சொல்ல வேண்டுமா? என் வாயால் சொல்ல மாட்டேன்.

உன் அப்பாவுடைய கதையை நீ பாதிதான் பார்த்திருக்கிறாய். மீதியைக் கேட்டுக்கொள். கல்யாணமாகி வரும்போது அவருக்கு மேல்வரிசைக் கடைவாயில் ஒரு பல்தான் சொத்தை. ஒரே ஒரு பல். அன்றைக்கே போய்க் காட்டியிருந்தால் காபி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு ஒரு தாய்மாமா இருந்தார். அவர் மேல்பல்லைப் பிடுங்கிய கொஞ்ச நாளில் கண் தெரியாமல் போய்விட்டதாம். அந்த ஆளுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. ஊருக்கே தெரியும். ஆனாலும், "மேப்பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு. பல்லைப் பிடுங்குனா கண்ணு போயிரும்," என்று குடும்பமே அடித்துப் பேசும். உன் அப்பா பத்தாவது படித்து, ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரில் ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அவரும் அதையே சொல்வார். எனக்கு அப்போது எதிர்த்துப் பேசத் தெரியாது. கண் போய்விட்டால் என்ன செய்வது என்று நானும் பயந்தேன்.

டாக்டரிடம் போக மாட்டார், சரி. சாப்பிட வேண்டுமே. அங்கேதான் வந்தது வினை. முதலில் சீடையும் முறுக்கும் வீட்டை விட்டுப் போயின. அப்புறம் வறுத்த கடலை, கரும்பு, கொய்யா. அப்புறம் கீரைத்தண்டு, முருங்கைக்காய், கறி. கடித்துத் தின்கிற எல்லாம் ஒவ்வொன்றாகப் போக, மெத்தென்று இருப்பது மட்டும் மிச்சமாகியது. மெத்தென்று இருப்பது எதுவென்று பார், எல்லாம் இனிப்பு! அல்வா, பால்கோவா, ஜாம் தடவிய பன், சீனி போட்டுப் பிசைந்த பால்சோறு, சாயங்காலமானால் ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா. ராத்திரி அந்த இனிப்போடு வாய்கூடக் கொப்பளிக்காமல் படுத்துவிடுவார். பிரஷ்ஷைப் பல்லில் வைத்தால் வலிக்குமாம், அதனால் பல் தேய்ப்பதும் விரலால் ஒரு தடவு தடவுவதோடு சரி. பயத்தால் மெத்தென்று தின்றார். மெத்தென்று தின்றதால் அடுத்த பல்லும் போயிற்று. அடுத்த பல் போனதும் பயம் இரண்டு மடங்கு ஆயிற்று. இந்தச் செக்கில் அவரும் சுற்றினார், என் அடுப்பும் சுற்றியது. சோற்றைக் குழைய வடித்து, கையால் கூழாக மசித்து, நெய்யும் சீனியும் விட்டு அவர் தட்டில் போட்டவள் நான்தான். அந்தக் கூழை இப்போது நினைத்தாலும் கை பிசுபிசுக்கிறது.

வீட்டுக்குள் நடந்தது போகட்டும். விருந்துக்குப் போன இடத்தில் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. கறியின் ஆசை விடாது, கடிக்கவும் வராது. வாயில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, சாற்றை உறிஞ்சிவிட்டு, வெளுத்துப்போன சக்கையை எடுத்து இலையின் ஓரத்தில் வைப்பார். ஒன்றல்ல, வரிசையாக. என் தம்பியின் கல்யாணப் பந்தியில் பரிமாற வந்த பையன் அதைப் பார்த்துவிட்டுக் குழம்பு வாளியோடு அப்படியே பின்னால் போனான். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பா மகள் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன். குனிந்தால் பக்கத்து இலை உன்னுடையது. உனக்கு அப்போது கடைவாய்ப் பல்லெல்லாம் முளைத்துத் திண்ணென்று இருந்தது. எலும்பைக்கூட நொறுக்கியிருப்பாய். நீயும் கறியை உறிஞ்சி உறிஞ்சிச் சக்கையை எடுத்து, உன் இலை ஓரத்தில் அப்பாவைப் போலவே அடுக்கி வைத்திருந்தாய்.

அன்று ராத்திரியே நான் பிடிவாதம் பிடித்தேன். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினார். கோரிப்பாளையத்தில் தர்கா பக்கத்துச் சந்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். தெருவே அவரை டாக்டர் பாய் என்றுதான் கூப்பிடும். உன்னையும் கூட்டிக்கொண்டு போனோம். டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே இருந்து மிஷின் சத்தம் வந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ போய்ப் பையனுக்குக் குடிக்கத் தண்ணி கேட்டு வாங்கிட்டு வா புள்ள," என்றார். நான் போய்த் தண்ணீரோடு திரும்பினால் பெஞ்சில் நீ மட்டும் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். "அப்பா எங்கடா?" என்றால், "ஒண்ணுக்குப் போயிருக்காகம்மா," என்றாய். டாக்டர் பாய் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "எங்கம்மா உங்க வீட்டுக்காரர்? பல்லைப் பிடுங்குனா கண்ணு போகும்னு யாராச்சும் சொல்லிட்டாங்களா? என் பல்லு நாலு போச்சு, உங்க மகன் சட்டைப் பித்தானை எண்ணிச் சொல்லட்டுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

தேடிக்கொண்டு போனேன். எங்கே இருந்தார் தெரியுமா? நாற்சந்தி தாண்டி ஒரு கடை வாசலில், வலிக்கிற பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, மறுபக்க வாயால் ஜிகர்தண்டாவை உறிஞ்சிக்கொண்டு நின்றார். கடவாயில் வழிந்து சட்டைக் காலரில் பால் கோடாக இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "குளுச்சியா இருந்தா வலி தெரியல," என்றார். அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம் இல்லை. அருவருப்பு. கட்டிய புருஷனைப் பார்த்து அப்படித் தோன்றக் கூடாதுதான், தோன்றியது. வீட்டுக்கு வருகிற வழியில் நீ என் சேலையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னாய். "அப்பா அப்படித்தாம்மா சொல்லச் சொன்னாக." அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அப்பன் கற்றுக் கொடுத்தது அது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஒரு கோடையில் முகம் பப்பாளிப்பழமாக வீங்கி, கழுத்து வரைக்கும் இறங்கி, வாய் திறக்க வராமல், காய்ச்சலில் உளற ஆரம்பித்தார். பெரியாஸ்பத்திரியில் கழுத்துக்குக் கீழே கிழித்துச் சீழை எடுத்தார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று சொன்னார்கள். பிழைத்ததே பெரிது. ஒரு பல்லுக்குப் பயந்தவருக்கு, அப்புறம் வரிசையாக எல்லாப் பல்லையும் பிடுங்கினார்கள். மேல்வரிசையும் சேர்த்துத்தான். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் வாசலில் நின்றபடியே தெருமுனையில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துச் சொல்கிறார். பல் செட் கட்டிக் கொடுத்தார்கள். அதை வெளியே போகும்போது மாட்டிக்கொள்வார். சாப்பிடும்போது கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, அதே குழைந்த சோற்றைத் தின்பார். பழகிவிட்டதாம். மூன்று வேளையும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளருக்குள் இருந்து பல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே பிசைந்து போட்டிருக்கிறேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். போன வாரம் நீ இங்கே இருந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இட்லியைக் காபியில் நனைத்துத் தின்றாய். காபியில்! நான் அதைக்கூடப் பட்டணத்துப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு, கூழாகும் வரைக்கும் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்தாய். கடித்துத் தின்பாய் என்று கொய்யாப்பழம் வாங்கி வைத்தேன், அழுகிப்போய் நான்தான் தூக்கி எறிந்தேன். உன் அறையில் இருந்து வந்த மிட்டாய்க் காகிதமும் ஜாம் பாட்டிலும் ஒரு கூடை தேறும். திருச்சியில் என்ன தின்று உயிர் வாழ்கிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. பன்னும் டீயும். ராத்திரியில் ஒரு பஞ்சு. உனக்கு ஜாடையில் அப்பாவின் மூக்கு வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்லும்போது சந்தோஷப்பட்டேன். வாயும் அவருடையதுதான் என்று இன்று காலையில் தெரிந்துகொண்டேன்.

பொறுக்க முடியாமல் மத்தியானமே பஸ் ஏறிப் பசுமலைக்குப் போனேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். உனக்குப் பார்த்திருக்கிற பெண் நோட்டுக்கட்டோடு வாசலுக்கு வந்தாள். டீச்சர் வேலை பார்க்கிறவள், விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். "அம்மாடி, என் மகனுக்குப் பல்லுல கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவே விடவில்லை.

"எனக்கு நிச்சயத்தன்னைக்கே தெரியும் அத்தை. வெத்தலை மடிச்சுக் குடுத்தப்ப பாக்கை மட்டும் நாக்கால தள்ளிக் கைக்குட்டையில வச்சாக. கடலை உருண்டையை யாரும் பாக்காதப்ப பையில போட்டுக்கிட்டாக. நான் பாத்தேன்."

"அப்பறம் ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"பல்லு சொத்தையானா என்ன அத்தை? எனக்கும் ரெண்டு அடைச்சிருக்கு," என்று அந்த இடத்திலேயே, பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கும்போதே, வாயைத் திறந்து காட்டினாள். "வலிச்சுச்சு, அழுதேன், அடைச்சுக்கிட்டு வந்தேன். அம்புட்டுத்தான்."

நான் அப்போதுதான் மறுவீட்டுச் சாம்பார் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. நோட்டுக்கட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

"அவுக பல்லே இல்லாம வந்தாலும் எனக்குச் சம்மதம் அத்தை. ஆனா அவுக பயத்துக்கு எங்க வீட்டு அடுப்பை மாத்தச் சொன்னா எப்படி? இன்னைக்குக் கறி வேணாம்பாக. நாளைக்கு முறுக்கு வேணாம்பாக. அப்பறம் எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் பிசைஞ்ச சோறுதான். நான் அம்புட்டுப் பொறுமைசாலி இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி போய்க் காட்டிட்டு வரச் சொல்லுங்க. இல்லேன்னா தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி நானே எங்க அப்பாகிட்ட சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். என் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு இந்த நாக்கு இருந்திருந்தால், இத்தனை வருஷம் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றிருக்க மாட்டேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். அவள் தேதியைத் தள்ளி வைத்தால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன். மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை, ஊர் நாலு விதமாகப் பேசினாலும் பரவாயில்லை. இந்தப் பஞ்சு கிடக்கிற சட்டையைத் துவைக்க இன்னொரு பெண்ணை நான் தாம்பாளம் வைத்துக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். நீ நல்ல பிள்ளை. சம்பாதிக்கிறாய், குடிக்கிறதில்லை, பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறாய். எல்லாம் சரி. வாயைத் திறந்து இன்னொரு ஆளிடம் காட்டுகிற தைரியம் இல்லாவிட்டால், அந்த வாயால் நீ பெண்டாட்டியிடம் உண்மையும் பேச மாட்டாய். உன் அப்பாவோடு குடித்தனம் பண்ணி நான் கண்டது இதுதான். முதலில் பல்லை மறைத்தார், அப்புறம் வலியை, அப்புறம் எங்கே போகிறார் என்பதையே.

வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோற்றை உதிரியாக வடித்தேன். அப்பளம் பொரித்தேன். உன் அப்பா வழக்கம்போலப் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். பிசையாத சோற்றைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இனிமே நான் பிசைய மாட்டேங்க," என்றேன். "உங்க மகன் சட்டைப் பையிலயும் பஞ்சு இருந்துச்சு." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். இன்றைக்குப் பட்டினிதான் என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் எழுந்து போய், டம்ளரை எடுத்துப் பல்லைக் குழாயில் அலசி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டார். வந்து உட்கார்ந்து அப்பளத்தை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் அவர் பக்கமிருந்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. ஈறு வலித்ததோ என்னவோ.

சாப்பிட்டு முடித்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய் வந்து, நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நிலைப்படியில் நின்றார். "அவனுக்குத்தானே எழுதுற? சனிக்கிழமை வரச் சொல்லு. டாக்டர் பாய் இன்னும் இருக்காராம், விசாரிச்சேன். நான் முன்னாடியே போயி டோக்கன் வாங்கி வைக்கிறேன்னு எழுது." உள்ளே போகத் திரும்பியவர், "இந்தத் தடவை நான் எந்திரிச்சுப் போக மாட்டேன்னும் எழுது," என்றார்.

எழுதிவிட்டேன். ஆனால் அவர் பேச்சை நான் நம்பவில்லை, உன் பேச்சையும் நம்பவில்லை. சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். தண்ணீரை வீட்டில் இருந்தே கொண்டு வந்துவிட்டு, கதவை மறித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா